மோட்டார் விபத்தும் நஷ்ட ஈட்டு உரிமையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியனாகிய யான் சட்டத்தைப் பற்றிப் பேச முன்வந்தது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். நம்மவரிடையே நிலவும் ஒரு வழக்கமே என்னைப் பேசத் தூண்டியது. மோட்டார் வண்டி மோதி ஒருவன் மாண்டால், ஊர்ப் பெரியோர் கூடி, "இருவரும் நம்மவர், போலீஸ் எதற்கு?" என்று சொல்லி, வண்டிக்காரரிடம் ஒரு சிறு தொகை வாங்கி, அதனை இறந்தவன் மனைவியின் கையிற் கொடுத்து, தாளிற் கையொப்பமும் பெற்றுவிடுகின்றனர். இது சமாதானம்போலத் தோன்றினும், அக்குடும்பத்திற்கு இழைக்கும் அநீதியேயாகும்.

பிறர்க்கு நேரும் தீங்கிற்கு ஈடு செய்யும் இன்ஷூரன்ஸ் இன்றி எவரும் பொதுச் சாலையில் வண்டி ஓட்டலாகாது என்ற விதி, 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் அமைந்து, 1946 ஜூலை முதல் அமலுக்கு வந்தது. இப்போதுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவும் அதனையே வற்புறுத்துகின்றது. வண்டிக்காரர் அப்பிரிமியத்தைக் கட்டுவது யார் பொருட்டு? தெருவிற் செல்லும் முன்பின் அறியாதார் பொருட்டன்றோ? ஆதலின் நஷ்ட ஈடு கேட்பது பிச்சையுமன்று, பழிவாங்கலுமன்று, உரிமையேயாம்.

அவ்வுரிமையின் அளவு யாதெனிற் காண்போம். முப்பது வயதினன் ஒருவன், சொந்தத் தொழிலால் மாதம் 20,000 ரூபாய் ஈட்டியவன், மனைவி, இரு மக்கள், தாய் ஆகிய நால்வரை விட்டு, பிறர் கவனக்குறைவால் இறந்தான் எனக் கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி, ஆண்டு வருமானம் 2,40,000 ரூபாயுடன் எதிர்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 சேர்த்தால் 3,36,000 ஆகும். அவன் சொந்தச் செலவிற்கென நான்கில் ஒரு பங்கு கழித்தால் எஞ்சுவது 2,52,000. அவ்வயதிற்குரிய பெருக்கெண் 17. ஆகவே கிடைக்கத்தக்க தொகை 42,84,000 ரூபாய். இறந்தவன் மீதும் தவறுண்டாயின் அதற்கேற்பக் குறையும். எனினும், ஊர்க்கூட்டத்தில் தரப்படும் ஓரிலட்சம் எங்கே, இது எங்கே!

தவறு எவருடையது என மெய்ப்பிக்க இயலாதவர்க்கும் வழியுண்டு. 2022 ஏப்ரல் முதல் 164-ஆம் பிரிவின்படி, மரணத்திற்கு 5 இலட்சமும் கொடுங்காயத்திற்கு 2½ இலட்சமும் குற்றம் நாட்டாமலே கோரலாம். மோதிய வண்டி இன்னதெனத் தெரியாவிடின், அரசாங்கத் திட்டத்தின்படி மரணத்திற்கு 2 இலட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் உண்டு.

ஆகலின், விபத்து நேர்ந்தவுடன் முதலாவது காயமுற்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுக. அடுத்துப் போலீஸில் புகார் பதிந்து அதன் நகலைப் பெறுக. வண்டி எண், காயச் சான்று, மருந்துச் சீட்டு, வருமானச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. வாசித்தறியாத தாளிற் கையொப்பமிடாதீர். தாம் வசிக்கும் இடத்திற்குரிய டிரிபியூனலிலேயே மனுச் செய்யலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஆறு மாதத் தவணை குறித்தமையால் காலந்தாழ்த்துதல் ஆகாது.

வண்டி வைத்திருப்போர்க்கும் ஒரு சொல். லைசென்ஸ் இல்லாதவன் கையில் வண்டியை விட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தை முதலிற் கொடுத்துப் பின்னர் உம்மிடமே வசூலிக்க இடமுண்டு. பாலிஸி காலாவதியானால் சுமை முழுதும் உம் தலைமேலதே. வீடும் நிலமும் அதற்கு ஈடாகும். இன்னொன்று: இன்ஷூரன்ஸ் பணத்தைக் கொடுக்குமேயன்றி, ஓட்டியவன் அடையும் தண்டனையை ஏற்காது.

பெரியோர்களே! சமாதானம் செய்யும் ஆற்றல் உங்களிடம் உண்டு. அதனை அநாதைக் குழந்தைகளின் உரிமையைக் குறைப்பதிற் செலவிடாது, அவர்களுக்கு நல்ல வக்கீலைத் தேடித் தருவதிற் செலவிடுமாறு வேண்டி, என் சிற்றுரையை முடிக்கின்றேன்.