புத்தகம் கட்டுவோர் கடமை



ஒருவர் எழுதிய கதையை மற்றொருவர் தம் கையாலேயே தைத்து, அட்டை போட்டு, புத்தகமாக்கி வைத்துக்கொள்கிறார். அவ்வாறு செய்வோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறி யாது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் பிறர் உழைப்பை நாம் எவ்வாறு மதிக்கிறோம் என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

கதைகளைக் கட்டி வைக்கும் பழக்கம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. 1950ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ‘கல்கி’ வார இதழில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’, 1954 வரையில் வாரந்தோறும் வெளிவந்தது. வாசகர் பலர் இதழ்களைச் சேர்த்து வைத்துக் கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, பைண்டரிடம் கொடுத்துப் பாகம் பாகமாகத் தைத்து வைத்துக்கொண்டனர். ஓவியர் மணியம் அவர்களின் சித்திரங்களோடு கூடிய அத்தொகுதிகள் இன்றும் சில இல்லங்களில் பெட்டகப் பொருளாகப் போற்றப்படுகின்றன.

பிறர் படைத்த கதைமாந்தரை வைத்துப் புதுக்கதை புனைவதும் நமக்குப் புதிதன்று. அகலிகை சாபம் நீங்கிய பின் என்ன நேர்ந்தது என்று சிந்தித்துப் புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ எழுதினார். ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். ஒரு கதையில் உள்ளம் தோய்ந்தவனுக்கு, அது முடிந்த பிறகும் அதன் மாந்தரைப் பிரிய மனம் வருவதில்லை.

இவ்விரு பழக்கங்களும் இக்காலத்தில் உலகெங்கும் ஒன்றாய் இணைந்திருக்கின்றன. தமக்குப் பிடித்த நாவலின் மாந்தரை வைத்து வாசகரே எழுதும் கதைகளை ஆங்கிலத்தில் ‘ஃபேன் ஃபிக்‌ஷன்’ என்கின்றனர். நாம் ரசிகர் புனைகதை என்று சொல்லலாம். இத்தகைய கதைகளுக்கென்றே ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் களஞ்சியம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. இலாப நோக்கற்ற அமைப்பொன்றினால் நடத்தப்படும் இது 2009இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2019இல் ஹியூகோ விருதும் பெற்றது. அங்கே எழுதுவோர்க்கு ஊதியமில்லை, படிப்போர்க்குக் கட்டணமில்லை. அக்கதைகளை அச்செடுத்துத் தம் கையால் நூலாகக் கட்டுவதை ஒரு கலையாகவே பலர் பயின்று வருகின்றனர்.

அந்தக் கலையை நான் பாராட்டுகிறேன். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நூல் தைக்கும் தொழிலைக் கைவேலையாகக் கற்றவன் என்ற முறையில், அதன் அருமை எனக்குத் தெரியும். நான்கு தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவே மடித்தால் பதினாறு பக்கங்கள் ஆகும். அப்போது வெளித்தாளின் ஒரே புறத்தில் முதற் பக்கமும் பதினாறாம் பக்கமும் அருகருகே அமையும். இதனை அறியாமல் அச்செடுத்தால் கதை முன்னும் பின்னுமாகப் போய்விடும். தாளின் இழையோட்டம் புத்தகத்தின் முதுகோடு இணையாகச் செல்ல வேண்டும். இல்லையேல் பசையின் ஈரம் பட்டதும் தாள் நெளியும். பசை காய்ச்சும்போது சிறிது மயில்துத்தம் சேர்ப்பது நம் பைண்டர்களின் வழக்கம். பூச்சி அரிக்காமல் இருப்பதற்கான உபாயம் அது. கணக்கும் பொறுமையும் கைத்திறனும் ஒருங்கே வேண்டிய வேலை இது.

இனி நெறிக்கு வருவோம். அன்று வார இதழைக் கட்டி வைத்த வாசகர் அதனை விலை கொடுத்து வாங்கியவர். ஆசிரியருக்குச் சேர வேண்டியது இதழின் வழியே சேர்ந்துவிட்டது. ஆகையால், வாங்கிய தாளைத் தைத்து வைத்துக்கொள்ள அவர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நூல்நிலையத்துப் பிரதியைக் கிழிக்காதிருந்தால் போதும். ரசிகர் புனைகதையின் நிலை வேறு. அதை எழுதியவர் ஒரு காசும் பெறவில்லை. அவருக்கு நாம் அளிக்கக்கூடியவை மூன்றே: நன்றி, அவர் பெயருக்கு மதிப்பு, அவர் விருப்பத்திற்கு இணக்கம். விலை கொடுத்து வாங்கிய பொருளைக் காட்டிலும், விலையின்றிக் கிடைத்த பொருளிடத்தில் நமக்குக் கடமை மிகுதி என்பதே நான் வற்புறுத்த விரும்பும் கருத்து.

எனவே முதற் கடமை கேட்பது. தம் கதையைக் கட்டிக்கொள்ளலாமா, கூடாதா என்று பலர் முன்கூட்டியே அறிவித்திருப்பர். அறிவிப்பு இல்லையெனில், இரண்டு வரி எழுதிக் கேட்பதில் குறைவொன்றுமில்லை. மறுத்தால் வாதாடாமல் விட்டுவிடுவதே பண்பு. அட்டைக்கு வேறொருவரின் ஓவியத்தை எடுத்தால், அவரையும் தனியே கேட்க வேண்டும். கதையாசிரியரின் இசைவு ஓவியரின் இசைவாகிவிடாது.

இரண்டாவது, பெயர். முகப்புப் பக்கத்தில் கதையாசிரியரின் பெயர், அவர் எந்தப் புனைபெயரை விரும்புகிறாரோ அந்தப் பெயராகவே, இடம்பெற வேண்டும். அவர் மறைத்து வைத்திருக்கும் சொந்தப் பெயரை அறிந்திருந்தாலும் அச்சிடலாகாது. மூலநூலின் ஆசிரியரையும் குறிப்பிடுதல் முறை. கதையை எந்நாளில் எடுத்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். அவர் பின்னர் திருத்தியிருக்கலாம் அல்லவா? நமக்குப் பிடிக்காத முடிவை நாமே மாற்றிவிட்டு அவர் பெயரை மேலே போடுவது பெருந்தவறு.

மூன்றாவதே மிக முக்கியமானது: விற்கலாகாது. கட்டுக்கோப்பு அழகாக அமைந்துவிட்டால் விலை பேசுவோர் வருவர். கதையாசிரியரின் இசைவின்றி அத்தகைய படிகளை நல்ல விலைக்கு விற்றவர்களும் உண்டு. இதனால் விளையும் கேடு என்ன? ரசிகர் புனைகதை, மூலநூலுக்கு உரிமையுடையோரின் பொறுமையை நம்பியே பெரும்பாலும் நிற்கிறது. ஹாரி பாட்டர் நூல்களை எழுதிய ஜே. கே. ரௌலிங் அவர்களின் சார்பில் 2004இல் வெளியான கருத்தும், ரசிகர் எழுதுவதை வரவேற்று, அது வாணிகமாகிவிடக் கூடாது என்றே கூறிற்று. எங்கோ ஒருவர் விற்றுப் பணமாக்கினால், பழி வந்து சேர்வது ஒரு காசும் பெறாத எழுத்தாளர் மீது. அந்த அச்சத்தால் அவர் தம் கதையையே நீக்கிவிட்டால், இழப்பு வாசகர் அனைவருக்கும். கிணற்றில் பொதுவாக நீர் எடுக்கும் ஊரில் ஒருவன் மட்டும் நீரை விற்கத் தொடங்கினால், கிணற்றுக்குக் கதவு போடத்தானே நேரும்?

“இலாபம் வேண்டாம், தாளுக்கும் துணிக்கும் ஆன செலவையாவது வாங்கலாமே?” என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான வினாதான். ஆனால் செலவு எது, கூலி எது என்பதை அளந்து காட்டுவது எளிதன்று. எழுத்தாளர் பலர் இதனையும் விரும்புவதில்லை. அவர் மனமுவந்து இசைந்தாலன்றிச் செய்யாதிருப்பதே நலம். நண்பருக்குப் படி வேண்டுமாயின், கட்டும் முறையை அவருக்குக் கற்றுக்கொடுங்கள். கைத்திறனுக்கு ஊதியம் வேண்டுமென்றால் அதற்கும் நேர்வழி உண்டு. வெற்றுக் குறிப்பேடுகளைக் கட்டி விற்கலாம். தமிழ்நாடு அரசு 1999இல் நாட்டுடைமையாக்கிய கல்கியின் எழுத்துகளைச் செம்மையாக அச்சிட்டு, அழகாகக் கட்டி விற்கலாம். உழைப்பை விற்பது இழிவன்று. பிறர் தானமாய் அளித்ததை விற்பதே இழிவு.

நான்காவதாக ஒன்று. எழுதியவர் ஏதோ காரணத்தால் தம் கதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அலமாரியில் இருக்கும் படியை எரித்துவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. ஆனால் அதனைப் படியெடுத்து ஊரெங்கும் பரப்புவது, அவர் சாத்திய கதவை நாம் திறப்பதாகும். படித்து மகிழுங்கள், அவ்வளவில் நிறுத்துங்கள்.

இக்கலையைப் பயில்வோரிடையே நல்ல வழக்கம் ஒன்று நிலவுகிறது. அவர்களிற் பலர் ஒரு படிக்குப் பதிலாக இரண்டு படிகள் கட்டி, ஒன்றைக் கதையாசிரியருக்கே அன்பளிப்பாக அனுப்புகின்றனர். திரையில் மட்டுமே தம் எழுத்தைக் கண்டவர், முகமறியாத ஒருவர் இழையிழையாய்த் தைத்த நூலாக அதனைக் கையில் ஏந்தும்போது அடையும் மகிழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். நீங்கள் ஊசியும் நூலும் எடுக்கும் நாளில், இரண்டாவது படிக்கும் சேர்த்தே தாளை மடியுங்கள்.