விளையாட்டின் வகைகள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

விளையாட்டின் வகைகள் என்பது எமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. உடற்கல்வியில் பட்டம் பெற்ற ஒருவர் பேசவேண்டிய பொருள் இது. பார்சல் அலுவலகத்தில் சீட்டெழுதும் எம்மிடம் இதனை ஒப்படைத்ததற்கும் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. இரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு வகை பிரிப்பது அன்றாடத் தொழில். யார்டில் வந்து நிற்கும் வேகன்களைப் பிரித்து அதனதன் தடத்தில் சேர்க்கிறோம். எதற்காக? ஒவ்வொன்றும் தான் போகவேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்வதற்காக. எந்த வேகனையும் ஓரமாக நிறுத்தி மறந்துவிடுவதற்காக யாரும் வகை பிரிப்பதில்லை. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு, விளையாட்டுகளை எவ்வாறு வகுத்திருக்கிறார்கள் என்று காண்போம்.

விளையாட்டு என்றால் வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று மெய்ப்பாட்டியலில் கூறும் தொல்காப்பியர், அந்த நான்கில் ஒன்றாக விளையாட்டை வைத்திருக்கிறார். செல்வமும் அந்த நான்கில் ஒன்று. ஆகவே, பொருள் தேடி இத்தனை தொலைவு வந்த நாம், அதற்கு நிகராக வைக்கப்பட்ட விளையாட்டைப் பற்றியும் ஒரு நாள் சிந்திப்பது தகும்.

பிள்ளைகள் ஆடும் கண்ணாமூச்சியும் விளையாட்டு. ஒலிம்பிக் ஓட்டமும் விளையாட்டு. முன்னதன் விதி வாய்ச்சொல்லில் இருக்கிறது. ஆடுவோர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். பின்னதன் விதி அச்சில் இருக்கிறது. அதைக் காக்க நடுவர் இருக்கிறார். முன்னது பின்னதாக வளர்வதும் உண்டு. தமிழ்நாட்டில் சடுகுடு என்றும், மராட்டியத்தில் ஹுதுது என்றும், வங்கத்தில் ஹாடுடு என்றும் தெருவில் ஆடப்பட்ட ஆட்டம், பக்கத்துக்கு எழுவர் என்று விதி பெற்று, கபடி என்னும் பெயரோடு 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாயிற்று. 2010-இல் பெண்கள் கபடியும் அதில் இடம்பெற்றது. நம் காலனியில் பல மொழி பேசுவோர் வாழ்கிறோம். பெயர் பலவாயினும் ஆட்டம் ஒன்றே என்பதை இந்தக் கபடி ஒன்றே நமக்குக் காட்டும்.

விதியோடு கூடிய விளையாட்டுகளை மூன்று கேள்விகளால் வகுக்கலாம். வெற்றியை எப்படி அறிகிறோம்? ஆட்டம் எப்படி நடக்கிறது? யாரோடு யார் மோதுகிறார்? இவையே அந்த மூன்று.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கருவியால் வெற்றியை அறியும் விளையாட்டுகள் ஒரு வகை. ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் கடிகாரம். தாண்டுதலுக்கும் எறிதலுக்கும் அளவு நாடா. பளு தூக்குதலுக்கு எடைக் கணக்கு. இவற்றில் நடுவரின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைவு. கடிகாரத்துக்கு இரக்கமும் கிடையாது. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடையோட்டத்தில் பி. டி. உஷா 55.42 விநாடியில் ஓடி நான்காமவரானார். வெண்கலப் பதக்கத்துக்கும் அவருக்கும் இடையே நின்றது ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு.

எண்ணிக்கையால் அறிவது இரண்டாம் வகை. ஹாக்கியிலும் கால்பந்திலும் கோல், கிரிக்கெட்டில் ஓட்டம், பூப்பந்தில் புள்ளி. நடுவர் தரும் மதிப்பெண்ணால் அறிவது மூன்றாம் வகை. ஜிம்னாஸ்டிக்ஸ் இதற்குச் சான்று. 1976-இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில், ருமேனியாவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி நாடியா கொமனேச்சி குறையே இல்லாமல் ஆடி 10 மதிப்பெண் பெற்றார். முழு மதிப்பெண்ணை யாரும் பெறமாட்டார்கள் என்று எண்ணிச் செய்த பலகையில் அந்த எண்ணைக் காட்ட இடமில்லை. 1.00 என்றே காட்டியது. பலகை சிறிதாக இருந்ததேயன்றிச் சிறுமியின் திறம் சிறிதாக இல்லை!

எதிரியை அடக்குவதால் வெற்றி முடிவது நான்காம் வகை. மற்போரில் முதுகு தரையில் படுவதும், சதுரங்கத்தில் அரசன் சிக்குவதும் இதில் அடங்கும். வியர்வை சிந்தாத சதுரங்கத்தை விளையாட்டு என்னலாமா என்று வாதிடுவோர் உண்டு. ஒலிம்பிக் போட்டிகளில் அதற்கு இடமில்லை. எனினும், சர்வதேச ஒலிம்பிக் குழு 1999-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பை ஏற்றுக்கொண்டது. 2024 டிசம்பரில் சென்னைப் பிள்ளை குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியனானபோது அந்த வாதத்தை நினைத்தவர் யாருமில்லை.

இரண்டாம் கேள்வி, ஆட்டம் எப்படி நடக்கிறது என்பது. 1980-களில் இங்கிலாந்தின் உடற்கல்வி அறிஞர்கள் ஆட்டங்களை நான்கு குடும்பங்களாகப் பிரித்துக் கற்பிக்கலாயினர். எதிரியின் எல்லைக்குள் புகுந்து கோல் போடுவது ஒரு குடும்பம்; கால்பந்து, ஹாக்கி, கூடைப்பந்து இதைச் சேர்ந்தவை. வலைக்கு இருபுறமும் நின்று ஆடுவது மற்றொன்று. டென்னிஸ், கைப்பந்து போன்றவை. பந்தை அடித்துவிட்டு ஓட, எதிரணியினர் தடுத்துப் பிடிப்பது மூன்றாவது. கிரிக்கெட் இதில் அடங்கும். நம் கிட்டிப்புள்ளையும் இதன் அருகில் வைக்கலாம். குறி வைத்து அடிப்பது நான்காவது. வில்வித்தை முதல் நம் கோலிக்குண்டு வரை இதில் சேரும். கபடி, கோ-கோ, கிளித்தட்டு ஆகியவை இந்த நான்கில் முற்றும் அடங்கவில்லை. துரத்தித் தொடும் ஆட்டங்கள் என்று ஐந்தாவது குடும்பம் ஒன்றை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவினால் பயன் என்ன? குடும்பத்தில் ஓர் ஆட்டத்தைக் கற்றவன் மற்றவற்றை எளிதில் கற்பான். வெற்றிடம் பார்த்து ஓடுவதும், உரிய நேரத்தில் பந்தைத் தோழனுக்குத் தருவதும் கால்பந்தில் பழகிய பிள்ளைக்கு, ஹாக்கியில் புதிதாகக் கற்கவேண்டியது கோலைப் பிடிக்கும் முறையே. விலையுயர்ந்த மட்டையும் கையுறையும் வாங்க இயலாத பெற்றோர் இதனை நினைவில் வைக்கவேண்டும். கிளித்தட்டுக்கு வேண்டியது தரையில் போட்ட கோடுகள் மட்டுமே. ஆனால் ஏமாற்றி விலகும் கால்வித்தையை அதைவிட நன்றாகக் கற்பிக்கும் ஆட்டம் அரிது.

மூன்றாம் கேள்விதான் முக்கியமானது. யாரோடு யார் மோதுவது? 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மற்போருக்கு எடைப் பிரிவே கிடையாது. பெரியவனும் சிறியவனும் ஒரே களத்தில் இறங்கினர். பின்னர் வந்த எடைப் பிரிவு, மெலிந்தவனுக்கும் மேடையில் இடம் தந்தது. அந்த எல்லை எத்தனை கூர்மையானது என்பதை 2024-இல் பாரிசில் கண்டோம். 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டிவரை சென்ற வினேஷ் போகாட், அன்று காலை எல்லைக்கு மேல் 100 கிராம் இருந்ததால் தகுதி நீக்கப்பட்டார். நாடே வருந்தியது. விதி கடுமையாகத் தோன்றினாலும், அந்த விதி இல்லையேல் 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒலிம்பிக்கில் மற்போரே இல்லை.

இந்த வகையில் மிகச் சிறந்த முறை மாற்றுத்திறனாளிகளின் பாராலிம்பிக்கில் இருக்கிறது. உடலில் எந்த உறுப்பு, எந்த அளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று ஆய்ந்து, ஒத்த நிலையினரை ஒரு பிரிவில் சேர்க்கிறார்கள். சேலம் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, சிறு வயதில் பேருந்து விபத்தில் வலக்கால் சிதைந்த மாரியப்பன் தங்கவேலு, 2016-இல் ரியோ நகரில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். அத்தகைய பிரிவொன்று இல்லாதிருந்தால் அந்தத் திறம் உலகுக்குத் தெரிந்திருக்குமா?

ஆனால் பிரிவுகள் எல்லாம் நல்லவை அல்ல. 1879-இல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டிக்கு வகுத்த விதியின்படி, இயந்திரத் தொழிலாளியும் கைவினைஞனும் கூலியாளும் பொழுதுபோக்கு வீரராகக் கருதப்படமாட்டார். அதாவது, நம் பணிமனையில் வேலை செய்யும் தோழர் எவரும் அந்தப் படகில் ஏற முடியாது! 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தார்ப், முன்பு சிறிய ஊதியம் பெற்றுப் பேஸ்பால் ஆடினார் என்பதற்காக அடுத்த ஆண்டே அவற்றை இழந்தார். அவர் இறந்தது 1953-இல். முழு வெற்றியும் அவருக்கே உரியது என்று ஏற்கப்பட்டது 2022-இல்.

பெண்களுக்கு நேர்ந்ததும் இதுவே. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துப்போனார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதவே, பெண்களின் உடலுக்கு அது ஒவ்வாது என்று நீக்கிவிட்டார்கள். மீண்டும் வந்தது 1960-இல். இடையிலிருந்த 32 ஆண்டுகளில் ஓடியிருக்கக்கூடிய பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கிட எந்தக் கடிகாரமும் இல்லை.

இந்தக் குறுகிய வழக்கத்துக்கு மாறாக நின்றது நம் இரயில்வே என்று நாம் பெருமைப்படலாம். விளையாடுவோருக்கு வேலையும் கொடுத்து ஆடவும் விட்டது. முன்பு கூறிய உஷா இரயில்வேயில் பணியாற்றியவர். 2016-இல் மற்போரில் வெண்கலம் வென்ற சாக்ஷி மாலிக்கும் அவ்வாறே. பயணச்சீட்டுப் பரிசோதகராகக் கரக்பூரில் வேலை பார்த்தவர் மகேந்திர சிங் தோனி.

பெரியோர்களே! இவ்வளவையும் சொன்னபின், நம் சங்கத்தின் விளையாட்டுப் போட்டிகளையும் அதே கண்ணால் பார்ப்பது முறை. நம்மிடம் உள்ள பிரிவுகள் எவை? சிறுவர் என்று ஒன்று, பெரியவர் என்று ஒன்று, பெண்கள் என்று ஒன்று. எட்டு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே கோட்டில் நின்று ஓடுகிறார்கள். முடிவு ஓடுமுன்பே தெரிந்துவிடுகிறது. பெண்களுக்குக் கோலமும் இசை நாற்காலியும் வைக்கிறோம். அவை இருக்கட்டும், குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளியில் கோ-கோ ஆடும் நம் மகள், இங்கே பதின்மூன்று வயதானதும் பார்வையாளர் வரிசைக்கு வந்துவிடுகிறாள். முதியோரும், கால் இயலாத நம் தோழர்களும் அதே வரிசையில் அமர்ந்து கைதட்டுகிறார்கள். ஓரமாக நிற்கும் வேகன்கள் இவை அல்லவா?

ஆகவே சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். பிள்ளைகளின் ஓட்டத்தை இரண்டு வயதுக்கு ஒரு பிரிவாக அமைக்கவேண்டும். பெண்களுக்குக் கபடியும் கோ-கோவும் தனிப் பிரிவாக வரவேண்டும். அதில் காலனியின் பிற மொழிப் பெண்களையும் அழைக்கவேண்டும். அமர்ந்து ஆடும் விளையாட்டுகளான கேரம், சதுரங்கம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆகியவற்றை ஒரு பிரிவாக்கி, ஓட்டத்தில் வென்றவருக்குத் தரும் அதே கோப்பையை அதே மேடையில் தரவேண்டும். கேரமைச் சிறிதாக எண்ணவேண்டாம். அதில் இருமுறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் 1996-இல் அர்ஜுனா விருது பெற்ற தமிழர்.

இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. சுண்ணாம்புத் தூள் ஒரு மூட்டையும், இரண்டு கேரம் பலகையும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். அடுத்த ஆண்டு இதே நாளில் பரிசுப் பட்டியலைப் படிக்கும்போது, இதுவரை அதில் வராத வீட்டுப் பெயர்கள் சிலவேனும் வந்தால், வகை பிரித்ததன் பயனை அடைந்தவர்களாவோம்.