இல்லத்துக்கு ஒரு சித்திரக் கொப்பி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இத்தகைய மேடைகளிலே பெரிய பொருள்களைப் பற்றிப் பேசுவது மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. ஒரு கொப்பி, ஒரு தூரிகை, ஒரு குவளை தண்ணீர், நாம் வாழும் வீடு: இவ்வளவே. வீட்டிலே நாள்தோறும் காணும் காட்சிகளை நீர்வர்ணத்தால் விரைவாகவும் இலேசாகவும் தீட்டி வைக்கும் பழக்கத்தை எம் இளைஞர் கைக்கொள்ள வேண்டும் என்பதே எமது விண்ணப்பமாகும்.

இதனால் வரும் பயன் யாது என்று கேட்பீர்கள். எங்கள் குடும்ப அல்பங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள் ஆகியவற்றின் படங்கள் நிறைந்திருக்கும். எல்லாரும் புத்தாடை உடுத்து நிமிர்ந்து நிற்பர். ஆனால், திருவலையில் இருந்து தேங்காய் துருவிய அம்மம்மா எங்கே? விறாந்தையில் கால் நீட்டியிருந்து கடகம் இழைத்த ஆச்சியின் கைகள் எங்கே? கிணற்றடித் துலா எங்கே? விசேட நாள்கள் ஆண்டிலே பத்தோ பன்னிரண்டோதான். எஞ்சிய நாள்களிலேதான் நாம் வாழ்ந்தோம். அவற்றுக்கு ஒரு படமும் இல்லை.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்ததைப் பெரியோர் மறந்திருக்க மாட்டீர்கள். காணி உறுதி, பிறப்பத்தாட்சி, இரண்டொரு நகை, மாற்றுடை ஆகியவற்றோடு புறப்பட்டவர்களே பலர். திரும்பி வந்தபோது கூரையில்லாத சுவர்களைக் கண்டோர் எத்தனை பேர்! “அந்த வீட்டுக் குசினி எப்படி இருந்தது?” என்று பிள்ளைகள் கேட்டால் வாயாற் சொல்லலாம், காட்டுவதற்கு ஒன்றுமில்லை. மெல்லியதொரு கொப்பி இருந்திருந்தால், அதுவும் அந்த உறுதியோடு ஒரே பைக்குள் அடங்கியிருக்கும் அன்றோ?

போர் ஓய்ந்த பின்னரும் வீடு மாறிக்கொண்டேதான் இருக்கின்றது. துலா நின்ற இடத்திலே நீரிறைக்கும் மோட்டர் நிற்கின்றது. கிடுகு வேலி மதிலாகிறது. அம்மி வீட்டுப் புறத்திலே கவிழ்ந்து கிடக்கிறது. மாற்றத்தை நாம் குறைகூறவில்லை. தாய்மாரின் உழைப்பு அதனாற் குறைந்தது நன்றே. மாறுமுன் ஒருமுறை உற்றுப் பார்த்துக் கொள்வோம் என்கிறோம்.

“கைத்தொலைபேசியால் ஒரு நொடியிற் படம் எடுக்கலாமே!” என்று இளைஞர் சொல்லக்கூடும். எடுக்கலாம்; எடுங்கள். ஆனால் ஒரு நொடியில் எடுத்ததை நாம் ஒரு நொடியே பார்க்கிறோம். அம்மம்மா தேங்காய் துருவுவதைத் தீட்டவேண்டுமானால் கால்மணி நேரமாவது அருகில் இருக்கவேண்டும். அப்பொழுதுதான் தேங்காய்ப் பாதியை அவர் கை எவ்வாறு சுழற்றுகிறது என்பது புலப்படும். சும்மா இருக்கும் பேரப்பிள்ளையோடு அவர் பேசத் தொடங்குவார். அந்தத் திருவலை யார் கொடுத்த சீர் என்பதும் அன்று தெரியவரும். படம் எடுப்பவர் வந்து போகிறார். சித்திரம் தீட்டுபவர் கூட இருக்கிறார்.

இவ்வழியிலே சென்று உலகப் புகழ் பெற்றவர் சுவீடன் நாட்டு ஓவியர் கார்ல் லார்சன் (1853–1919). மழை விடாத ஒரு கோடையிலே, வீட்டையே வரையும்படி அவர் மனைவி காரின் சொன்னார். அவ்வாறு தீட்டிய நீர்வர்ணச் சித்திரங்கள் 1899 இல் ‘ஒரு வீடு’ என்னும் பொருள்படும் பெயரோடு நூலாயின. சாப்பாட்டு மேசையும், சன்னற் பூச்சாடிகளும், பிள்ளைகளின் விளையாட்டுமே அவர் கண்ட பொருள்கள். வங்காளத்து நந்தலால் போஸ் (1882–1966) சாந்திநிகேதனிலே, தாம் காணும் அன்றாடக் காட்சிகளைச் சிறு அட்டைகளில் வரைந்துகொண்டே இருந்தவர். இவர்கள் தேர்ந்த ஓவியர்கள். அவர்களது கைத்திறன் எமக்கு வராது போகலாம். அவர்கள் பார்த்த பார்வை எவர்க்கும் வரும்.

இனிச் செய்யும் முறையைச் சொல்வோம். சாதாரணக் கொப்பித் தாள் நீர் பட்டதும் சுருங்கி நெளியும். ஆகவே சதுர மீற்றருக்கு 200 கிராமுக்குக் குறையாத, கூடுமானால் 300 கிராம் தாளிற் செய்த கொப்பி வேண்டும். 12 வர்ணக் கட்டிகள் கொண்ட பெட்டி ஒன்று, 8 ஆம் இலக்க உருண்டைத் தூரிகை ஒன்று, பழந்துணி ஒன்று போதும். முதலிற் பென்சிலால் பெரிய வடிவங்களை மட்டும் குறியுங்கள். நீர்வர்ணம் ஒளி ஊடுருவும் தன்மையது. ஆதலின் வெளிச்சம் விழும் இடத்தைத் தீட்டாமல் வெண்மையாக விடுங்கள். மென்னிறத்தை முன்னும் கருநிறத்தைப் பின்னும் இடுங்கள். காய்ந்தால் நிறம் சற்று வெளிறும். எனவே சிறிது அழுத்தமாகவே குழையுங்கள். கச்சான் காற்று வீசுங் காலத்திலே தாள் விரைவிற் காயும், மாரியிலே பொறுத்திருக்கவேண்டும்.

கிடுகு வேலியிலே ஓலை ஓலையாக எண்ணித் தீட்டவேண்டாம். ஒரு மண்ணிறப் பூச்சும் நாலைந்து சாய்ந்த கோடுகளும் இருந்தால் வேலி வந்துவிடும். ஈர வர்ணம் இரண்டு கலந்து ஓடினால் ஓடட்டும். அழிக்கவும் வேண்டாம், தாளைக் கிழிக்கவும் வேண்டாம். அடியிலே திகதியையும் பொருளின் பெயரையும் எழுதுங்கள். நீத்துப்பெட்டி, சுளகு, பட்டை என்னும் பெயர்கள் பொருளோடு சேர்ந்து மறைவன, எழுதினால் நிலைக்கும். நன்கு காய்ந்தபின் மூடி, ஈரமும் கறையானும் அணுகாத இடத்தில் வையுங்கள். மூடிய கொப்பிக்குள் வெயில் படாமையால் நிறம் நெடுநாள் மங்காதிருக்கும்.

பெரியோர்களே, பிள்ளை கொப்பியோடு வந்து அருகில் இருந்தால், “படிப்பை விட்டு இதென்ன கிறுக்கல்?” என்று கடியாதீர்கள். வாரத்துக்குக் கால்மணி நேரம் படிப்பைக் கெடுத்துவிடாது. கையிலுள்ள வேலையைத் தொடர்ந்து செய்யுங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கடல் கடந்த நாடுகளிற் பிறந்து வளரும் எம் உறவுப் பிள்ளைகளுக்கும் அப்பக்கங்கள் தம் பாட்டன் வீட்டைக் காட்டும்.

இளைஞர்களே, வாரம் ஒரு பக்கமாக ஆண்டுக்கு 52 பக்கங்கள். அடுத்த ஆண்டு விழாவிலே அக்கொப்பிகளை எல்லாம் ஒரே மேசையில் வைப்போம். பரிசும் வேண்டாம், போட்டியும் வேண்டாம். ஒருவர் வீட்டை மற்றவர் பார்த்து மகிழ்வோம். வருகின்ற ஞாயிறன்று அடுப்படியிலிருந்தே தொடங்குங்கள்.