பாலைவனத்துத் தைலமரம்



மூக்கடைப்பு என்றால் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்கிறோமே, அந்த நீலகிரித் தைலம் நம் வீடுகளுக்குப் பழைய உறவு. பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் வாங்குகிறோம். பெயர்தான் நீலகிரி. மரத்தின் பிறந்தகம் ஆஸ்திரேலியா. 1843ஆம் ஆண்டு வாக்கில் விறகுக்காக நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. அங்குள்ளவர்கள் அதைக் கற்பூர மரம் என்றும் சொல்வார்கள்.

யூகலிப்டஸ் என்பது ஒரே மரம் அன்று. அந்தக் குடும்பத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நீலகிரிக்குப் போனது குளிர்நாட்டு வகை. இன்று நாம் பார்க்கப்போவது, பாலைவனத்தில் குடியிருக்கும் அதன் உறவினரை.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 280 மில்லிமீட்டர் மழைதான். கோலாலம்பூரில் பெய்வதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஊர் நடுவே ஓடும் ஆற்றில் பெரும்பாலான நாட்களில் மணல்தான் இருக்கும், தண்ணீர் இருக்காது. ஆனால் அந்த மணலாற்றின் நடுவிலும் கரையிலும் ஓங்கி வளர்ந்த மரங்கள் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. ஆற்றுச் செம்பிசின் மரம் என்று அதைச் சொல்லலாம். பட்டையில் காயம் பட்டால் செந்நிறப் பிசின் கசியும்.

இந்த வெயிலில் அது எப்படிப் பிழைக்கிறது? பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிப்ரவரி, மார்ச் மாத வறட்சியில் நம் பால்மரம் இலையை உதிர்த்துவிடும், பாலும் குறைந்துவிடும். தண்ணீரைச் சேமிக்க அது கண்ட வழி அது. பாலைவனத்துத் தைலமரமோ இலையை முழுதும் உதிர்ப்பதில்லை. இலைகளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுக் கொள்கிறது. உச்சி வெயில் இலையின் முகத்தில் விழாமல் விளிம்பில்தான் விழும். அதனால் சூடும் குறைவு, நீர் ஆவியாவதும் குறைவு. நிழலும் அப்படித்தான், மரத்தடியில் நின்றாலும் வெயில் மேலே படும்.

வறட்சி மிகவும் கடுமையானால் ஒரு பெரிய கிளையையே முறித்துப் போட்டுவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அதன் அடியில் கூடாரம் போட மாட்டார்கள். மணற்காட்டில் வளரும் வேறு சில வகைகளுக்கு மண்ணுக்குள் கிழங்கு போன்ற ஓர் அடிக்கட்டை உண்டு. காட்டுத்தீ மேலே உள்ளதை எல்லாம் எரித்தாலும், அதிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

எல்லாவற்றுக்கும் மேலானது வேர். 2013ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் கல்கூர்லி தங்கச் சுரங்க வட்டாரத்துத் தைலமர இலைகளைச் சோதித்தார்கள். இலைக்குள் தங்கத் துகள் இருந்தது! முப்பது மீட்டருக்கும் ஆழத்தில், பத்து மாடிக் கட்டடம் புதையும் ஆழத்தில், தண்ணீர் தேடிப் போன வேர், தண்ணீரோடு தங்கத்தையும் உறிஞ்சி இலைக்கு ஏற்றியிருக்கிறது. தாய்மார்கள் ஆசைப்பட வேண்டாம். ஐந்நூறு மரங்களைச் சேர்த்தாலும் ஒரு மோதிரத்துக்குத்தான் தேறும்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பாலைவனத்தில் வாழ்வதால் அது தண்ணீர் வேண்டாத மரம் என்று பலர் நினைத்தார்கள். அப்படி அன்று. அது தண்ணீரைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த மரம். இந்தியாவின் வறண்ட மாவட்டங்களில் காகித ஆலைக்கும் கம்புக்கும் என்று யூகலிப்டஸை ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். விரைவாக வளர்ந்தது, கையில் காசும் வந்தது. ஆனால் நிலத்தடி நீர் குறைகிறது என்று உழவர்கள் முறையிட்டார்கள். 2017இல் கர்நாடக அரசு புதிதாக நடுவதற்குத் தடை விதித்தது. ஊரில் சும்மா கிடக்கும் நிலத்தில் தைலமரம் வைக்கலாமா என்று தமிழகத்து உறவினர் உங்களைக் கேட்டு எழுதினால், முதலில் பக்கத்துக் கிணற்றின் ஆழத்தை விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பால்மரமும் அமேசான் காட்டிலிருந்து வந்ததுதான். அங்குள்ளது போன்ற மழையும் வெப்பமும் இங்கே கிடைத்ததால் நன்றாக வேர் பிடித்தது. எந்த மரத்தையும் நடுமுன் அதன் தாய்வீடு எப்படிப்பட்டது என்று கேட்க வேண்டும்.

தைலமரத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு பங்காளி உண்டு. கடலோரச் சதுப்பு நிலங்களில், காகிதம்போல் உரியும் வெண்பட்டையோடு நிற்கும் கெலாம் மரம். காயு பூத்தே எண்ணெய் அதன் இலையிலிருந்து வருவது. ஒன்று மணலில், மற்றொன்று சேற்றில், குடும்பம் ஒன்றுதான். கொய்யாவும் அதே குடும்பம். பிள்ளைகளே, நாளைக்கு ஒரு கொய்யா இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவில் புள்ளிகள் தெரியும். அவைதாம் எண்ணெய்ப் பைகள். இலையைக் கசக்கினால் மணக்கும்.

அந்த எண்ணெயை மரம் நமக்காகச் செய்யவில்லை. இலை தின்ன வரும் பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்டத் தனக்கென்று வைத்துக்கொண்ட நஞ்சு அது. ஆகவே பெற்றோர்களே, இதைக் கட்டாயம் மனத்தில் வையுங்கள். நீலகிரித் தைலத்தை உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. ஒரு தேக்கரண்டி அளவு வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ தடவாதீர்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இன்றிரவு படுக்கப் போகுமுன், அந்தக் குப்பி பிள்ளைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.