மலைக்குப் போக முடியாதவர்கள்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் அளிக்கப்பட்ட உரை)



குளிர் நாடுகளிலிருந்து திண்டுக்கல் சமவெளிக்கு வந்து தங்கிப் பணிசெய்ய விரும்புகிறவர்கள் எதை அனுபவிக்கலாம், எதற்கு எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்று பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நமக்கு முன் வந்தவர்களின் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

1834-ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனெரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து ஊழியத்தை ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் திண்டுக்கல்லிலும் ஊழியம் தொடங்கிற்று. பனி பெய்யும் தேசத்தில் பிறந்தவர்கள் சித்திரை வெயிலில் எப்படி வாடியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வெயிலையாவது தாங்கிக்கொண்டார்கள். காலராவும் விஷக்காய்ச்சலும் வந்தபோது தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் அடக்கம்பண்ண நேர்ந்தது. ஆகையால் 1845-இல் பழனி மலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 'சன்னிசைட்', 'ஷெல்டன்' என்று அவைகளுக்குப் பெயர். கொடைக்கானல் என்னும் ஊரின் ஆரம்பம் அதுவே.

அங்கே போவது சுலபமாயிருக்கவில்லை. இந்தப் பக்கம் ரயில் வந்தது 1875-இல்தான். அதற்கு முன் மாட்டுவண்டியில் அடிவாரம்வரை போய், பிறகு நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ மலை ஏற வேண்டும். மோட்டார் போகும் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் திறக்கப்பட்டது.

மலைக்குப் போனவர்கள் பிழைத்தார்கள். ஆனால் ஏன் பிழைத்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அக்காலத்தில் நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். கொசுவே அதைப் பரப்புகிறது என்பதற்கான ஆதாரத்தை டாக்டர் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். காலரா கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884-இல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி வெப்பம் குறையும். கொடைக்கானலோ சுமார் 2,100 மீட்டர் உயரம். அந்தக் குளிரில் மலேரியா கொசு பெருகுவது கடினம். ஊற்று நீரில் சமவெளிக் குளத்தின் அசுத்தமும் இல்லை. அவர்களைக் காப்பாற்றியவை இவை.

அன்பானவர்களே, இங்கே ஒரு கேள்வி எழும்புகிறது. சமவெளியில் அதே குளத்து நீரைக் குடித்து, அதே கொசுவுக்கு இரையான உழவனும் அவன் பிள்ளையும் எந்த மலைக்கு ஓடினார்கள்? அவர்களுக்கு மலையில் வீடில்லை. சமவெளியில் மருத்துவ ஊழியம் தேவைப்பட்டது இதனால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் டாக்டர் எட்வர்ட் செஸ்டர் திண்டுக்கல்லிலேயே பல்லாண்டுகள் தங்கி வைத்தியம் பார்த்தார். ஓடமுடியாதவர்களின் பக்கத்தில் அவர் இருந்தார்.

மலையின் பாதுகாப்பைச் சமவெளிக்கே கொண்டுவர முடியுமா? முடியும். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாம்களில் காலரா பரவியது. ஊசிவழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகாலனோபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதுக்கு அருகில் இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, அவ்வளவுதான். இதை அறிந்த தாய் தன் குடிசையிலேயே பிள்ளையைக் காக்க முடியும்.

இனி வர விரும்புகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்.

வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே உச்சிவெயிலில் ஓடியாடி உழைக்க வேண்டாம். தாகம் எடுக்குமுன் குடியுங்கள். நீர்மோரும் இளநீரும் நல்லவை. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

மலேரியா கொசு இரவில் கடிக்கும். அதற்குக் கொசுவலை உண்டு. டெங்கு கொசு பகலில் கடிக்கும். அது நாம் சேமித்துவைக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள நம் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் தொட்டியும் குடமும் உண்டு. அவைகளை மூடிவையுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

இரவில் டார்ச் இல்லாமல் வெளியே நடக்காதேயுங்கள். பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

எல்லாவற்றிலும் அதிகமாகச் சாலைக்குப் பயப்படுங்கள். இங்கிலாந்திலிருந்து 1936-இல் வந்த லெஸ்லி நியூபிகின் ஐயர் காய்ச்சலால் விழவில்லை. பஸ் விபத்தில் கால் முறிந்து, சிகிச்சைக்காகத் தாய்நாடு திரும்பினார். ஆனாலும் 1939-இல் மறுபடியும் வந்தார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை இராமநாதபுரம் பேராயரானார். இன்றும் வெளிநாடு போகிறவர்களில் தொற்றுநோயால் இறப்பவர்களைவிட விபத்தில் இறப்பவர்களே அதிகம்.

கண்ணிகளையே சொல்லி உங்களைப் பயமுறுத்திவிட்டேனோ? சந்தோஷங்களும் அநேகம் உண்டு. சிறுமலை வாழைப்பழத்தை ஒருமுறை ருசித்தவர்கள் வேறு பழத்தைத் தேடமாட்டார்கள். கோடையில் நுங்கும் பதநீரும், நிலக்கோட்டை மல்லிகையின் வாசனையும், ஐப்பசி மழைக்குப்பின் நிரம்பும் கண்மாய்களும் உண்டு. யாரைப் பார்த்தாலும் "சாப்டீங்களா?" என்று கேட்பார்கள். ஒரு வாரத்துக்குள் நீங்கள் யாருக்காவது அக்காவாகவோ அண்ணனாகவோ ஆகிவிடுவீர்கள்.

ஆனால் இந்தச் சந்தோஷம் முழுமையாக வேண்டுமானால் தமிழைக் கற்க வேண்டும். புத்தகத் தமிழ் மட்டும் போதாது. "நெஞ்சு கரிக்குது", "கிறுகிறுன்னு வருது", "வயித்தால போகுது" என்று பாட்டி சொல்லுவதைப் புரிந்துகொள்ளாத வைத்தியர் எத்தனை கெட்டிக்காரராயிருந்தும் பாதி வைத்தியரே. "வயித்தால போகுது" என்றால் வயிற்றுப்போக்கு. அதை மூன்று நாள் கழித்துப் புரிந்துகொண்டால் ஒரு குழந்தைக்கு அது காலதாமதம் ஆகிவிடலாம்.

பிரியமானவர்களே, வெளியிலிருந்து வருகிறவருக்கு உஷ்ணமும் கொசுவும் சில ஆண்டுகளின் சோதனை. இங்கே பிறந்தவருக்கோ அது வாழ்நாள் முழுவதும். மருத்துவ ஊழியத்துக்கு நீங்கள் கொடுக்கும் காணிக்கை, மலைக்குப் போகமுடியாத அந்த வீட்டுக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலமாகவும், கொசுவலையாகவும், பாம்புக்கடி மருந்தாகவும் போய்ச் சேருகிறது. நீங்களே வரமுடிந்தால் வாருங்கள். தொப்பியும் டார்ச்சும், கொஞ்சம் தமிழும், மிகுந்த பொறுமையும் கொண்டுவாருங்கள். வரமுடியாதவர்கள் ஜெபத்தினாலும் உதவியினாலும் தாங்குங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.