நூற்றுக்குத் தொண்ணூற்றேழு

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "நீ கம்ப்யூட்டர் துறையில முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவன். உன் சாதனைகளைப் பத்திப் பேசு, பசங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். சாதனை என்று பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். சாப்பாட்டுக்கோ இன்னும் நேரம் இருக்கிறதாம்! அதனால் நான் சறுக்கி விழுந்த கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் படித்த 80-களில் இந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கல்லூரியிலேயே ஏ.சி. உள்ள அறை அது ஒன்றுதான். சாவி அட்டெண்டர் அண்ணனிடம் இருக்கும். வகுப்பு முடிந்ததும் அவர் ஒவ்வொரு மெஷினாகப் போய், அணைத்தாயிற்றா, துணி போட்டு மூடியாயிற்றா என்று தொட்டுப் பார்ப்பார். "அணைச்சாச்சுண்ணே, நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டால், "நீ சொல்லிட்டே. நான் பாக்கணும்ல?" என்பார். நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்கு நான் பின்னால் விலை கொடுத்தேன்.

கதைக்கு வருகிறேன். 1998-இல் நான் ஒரு தொழில் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் மேலாளர். தலைமை அலுவலகம் சென்னையில். ஓசூரிலும் கோவையிலும் தொழிற்சாலை. மதுரையிலும் திருச்சியிலும் கிளைகள். எல்லாம் சேர்த்து 412 கம்ப்யூட்டர்கள். பாதிக்கு மேல் விண்டோஸ் 95, மிச்சம் விண்டோஸ் என்.டி. இவ்வளவையும் பார்த்துக்கொள்ள ஐந்து பையன்கள். அதில் மூன்று பேர் ஒப்பந்த ஊழியர்கள். தோளில் ஒரு பை, பை நிறைய ஃப்ளாப்பி. ஒரு ஃப்ளாப்பியில் 1.44 எம்.பி.தான் கொள்ளும். ஒரு மென்பொருளைப் போட வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போய், ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்து, அடுத்த ஃப்ளாப்பி, அடுத்த ஃப்ளாப்பி என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பதினாலாவது ஃப்ளாப்பி படிக்கவில்லை என்றால் முதலிலிருந்து ஆரம்பம்!

அப்போதுதான் ஒய்-டூ-கே பூதம் கிளம்பியிருந்தது. வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த மென்பொருள்கள் 99-க்கு அப்புறம் வரும் 00-ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளுமே, அந்தச் சிக்கல். 1999 டிசம்பருக்குள் 412 மெஷினிலும் பேட்ச் என்று சொல்லப்படும் திருத்தங்களைப் போட்டாக வேண்டும். ஐந்து பையன்களையும் ஃப்ளாப்பியையும் வைத்துக்கொண்டு எப்படி முடிப்பது என்று எனக்குத் தூக்கம் போயிற்று.

1998 நவம்பரில் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். கம்பெனி பெயர் வேண்டாம், மென்பொருள் பெயரும் வேண்டாம். எல்லா மேஜைக் கணினிகளையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து நிர்வகிக்கும் மென்பொருள், முதல் பதிப்பு, அப்போதுதான் சந்தைக்கு வந்திருக்கிறது என்றார். எந்த மெஷினில் எவ்வளவு நினைவகம், என்னென்ன மென்பொருள் என்று அதுவே கணக்கெடுக்கும். சென்னையில் ஒரு பொத்தானை அமுக்கினால் மதுரை மெஷினில் பேட்ச் தானாக ஏறிவிடும். மேஜைமேல் மூன்று புத்தம்புது மெஷின்களை வைத்துச் செய்து காட்டினார். ஜம்மென்று வேலை செய்தது. மூன்றிலும் பச்சை டிக்!

நான் மயங்கிவிட்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி சொஜ்ஜியை மட்டும் பார்த்துவிட்டு வந்த கதைதான். நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். இத்தனை லட்சம் செலவு. அதற்கு ஈடாக ஒப்பந்த ஊழியர் மூன்று பேர் இனித் தேவைப்பட மாட்டார்கள். கீழே என் கையெழுத்து. செலவுக்கு அனுமதி சுலபமாகக் கிடைத்ததே அந்த இரண்டாவது வரியால்தான். 1999 மார்ச் 31-ஆம் தேதியோடு மூன்று பேருக்கும் ஒப்பந்தம் முடிந்தது. அன்று மென்பொருள் பெட்டியிலிருந்து வெளியே வந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு மெஷினில்கூட முழுதாக ஓடவில்லை. மூவரில் மூத்தவன் போகும்போது, "சார், அது எங்களைவிட நல்லா வேலை செய்யுமா சார்?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "செய்யும்பா" என்றேன்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் கூத்து.

இந்த மென்பொருள் வேலை செய்ய ஒவ்வொரு மெஷினிலும் ஏஜெண்ட் என்று ஒரு குட்டி நிரல் இருக்க வேண்டும். காலையில் ஊழியர் நெட்வொர்க்கில் நுழையும்போது அது தானாக ஏறிக்கொள்ளும். திங்கட்கிழமை காலை 9 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். பல மெஷின்களில் நினைவகம் வெறும் 16 எம்.பி. அத்தனையும் மூச்சுத் திணறி நின்றன. கணக்குப் பிரிவு அம்மா ஒருவர், "சார், உங்க மணல் கடிகாரத்தைப் பாத்துட்டு, போயி காபி குடிச்சுட்டு வந்தேன். இன்னும் அப்படியே நிக்குது" என்றார்.

அடுத்தது லைன். கிளைகளுக்கு 64 கிலோபிட் லீஸ்டு லைன். 100 எம்.பி. உள்ள ஒரு பேக்கேஜை அதில் அனுப்ப, வேறு எந்த வேலையும் நடக்காவிட்டாலும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர அந்த முதல் பதிப்புக்குத் தெரியாது. திரும்ப முதலிலிருந்து! ஃப்ளாப்பிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று என் ஆட்களே கேட்டார்கள்.

திருச்சியில் ஒரு மெஷின் எந்த வேலையையும் ஏற்கவே இல்லை. ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து, தேதி 1980 ஜனவரி 1 என்று நின்றிருந்தது. நாங்கள் "இன்று மதியம் ஒரு மணிக்கு ஓடு" என்று கட்டளை அனுப்பியிருந்தோம். அந்த மெஷினுக்கு அந்த மதியம் வர இன்னும் 19 வருஷம் இருந்தது!

விற்றவர்களுக்கு எழுதினால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "இது எங்களுக்குத் தெரிந்த பிழைதான். அடுத்த பதிப்பில் சரியாகிவிடும்." ஒரு திருத்தம் அனுப்புவார்கள். அது ஒன்றைச் சரிசெய்து வேறொன்றைக் கெடுக்கும். புதிதாக வந்த மென்பொருளில் பிழை இருப்பது பெரிய குற்றமில்லை. அதைச் சரிபார்க்கும் களமாக எங்கள் 412 பேரின் மேஜை ஆகிவிட்டது. அதற்கு அனுமதி கொடுத்தவன் நான்.

செப்டம்பரில் நிர்வாகக் கூட்டம். பொது மேலாளர் கேட்டார், "ஒய்-டூ-கே வேலை எவ்வளவு முடிஞ்சிருக்குப்பா?" கன்சோல் என்று நாங்கள் சொல்லும் அந்தத் திரையைக் காலையில்தான் பார்த்திருந்தேன். நூற்றுக்கு 97 என்று காட்டியது. மனசுக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. ஆனாலும் "97 பர்சென்ட் சார்" என்றேன். கை தட்டினார்கள். ஆறு மாசமாக அடி வாங்கியவனுக்கு அந்தக் கைத்தட்டல் தேவைப்பட்டது. உறுத்தலை விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலை மணல் கடிகார அம்மா போன் செய்தார். "சார், எல்லாருக்கும் போட்டாச்சுன்னு சர்க்குலர் வந்துருக்கு. என் மெஷின்ல ஒண்ணும் வரலையே?" கன்சோலில் பார்த்தேன். அவர் மெஷினுக்கு எதிரே பச்சை டிக். இறங்கிப் போய் அவர் மெஷினைப் பார்த்தேன். பேட்ச் இல்லை!

அன்று அந்த மாடி முழுவதும் ஒரு பேப்பரும் பேனாவுமாக நடந்தேன். 46 மெஷின். எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது. 11 மெஷினில் பேட்ச் இல்லை. காரணம் என்ன தெரியுமா? என்.டி. மெஷினில் சாதாரண ஊழியருக்கு மென்பொருள் ஏற்றும் உரிமை கிடையாது. பேட்ச் ஏறத் தொடங்கி, உரிமை இல்லை என்று தெரிந்ததும் நின்றுவிடும். ஆனால் அதைக் கிளப்பிவிட்ட நிரல், "நான் கிளப்பிவிட்டேன், என் வேலை முடிந்தது" என்று பூஜ்யம் என்னும் குறியை அனுப்பும். அந்தப் பூஜ்யத்தை எங்கள் மென்பொருள் வெற்றி என்று எழுதிக்கொள்ளும். தபால்காரர் பூட்டிய வீட்டு வாசலில் கடிதத்தைப் போட்டுவிட்டு, "சேர்த்தாச்சு" என்று எழுதிக்கொண்டு போன மாதிரி.

அதோடு விட்டதா? 97 என்றால் எதில் 97? கன்சோல் எண்ணிவைத்திருந்தது 371 மெஷின்தான். அதில் 360-க்கு டிக். மிச்சம் 41 மெஷின் எங்கே போயிற்று? ஓசூருக்கு வாங்கிய 40 மெஷினில் ஒன்றை மட்டும் தயார் செய்து, அதன் டிஸ்க்கை அப்படியே மற்ற 39-க்கும் நகல் எடுத்திருந்தோம். ஏஜெண்டின் அடையாள எண்ணும் சேர்ந்தே நகலாகிவிட்டது. அதனால் 40 மெஷினும் அதன் கண்ணுக்கு ஒரே மெஷின். பாக்கி இரண்டு, கேட்டில் ஒன்றும் கேன்டீனில் ஒன்றும். நெட்வொர்க்கிலேயே இல்லாதவை. கணக்கில் வராதவன் தோற்றுப்போனதாகவும் கணக்கில் வரமாட்டான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மாணவச் செல்வங்களே, இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மென்பொருள்மேல் பழி போட எனக்கு வேண்டிய அளவு ஆதாரம் இருந்தது. ஆனால் கூட்டத்தில் 97 என்று சொன்ன வாய் என்னுடையது. மூன்றாம் நாள் பொது மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "இப்ப என்ன வேணும் உனக்கு?" என்று மட்டும் கேட்டார். "அந்த மூணு பேரையும் திரும்பக் கூப்பிடணும் சார்" என்றேன்.

இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவன் அதற்குள் ஒரு கூரியர் ஆபீசில் சேர்ந்திருந்தான். நானே நேரில் போய்க் கூப்பிட்டேன். "இங்க நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காங்க சார், மன்னிச்சுக்கோங்க" என்றான். மன்னிப்பு கேட்க வேண்டியவன் நான். கேட்டேன். அவன் டீ வாங்கிக் கொடுத்து, "அந்த சாஃப்ட்வேர் இப்ப எப்படி சார் இருக்கு?" என்று விசாரித்தான்.

அக்டோபர் தொடங்கி டிசம்பர் மூன்றாம் வாரம் வரை நடந்தோம். ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்து, கண்ணால் பார்த்து, பதிவேட்டில் பார்த்தவர் கையெழுத்து. கேன்டீன் மெஷின் 412-ஆவது. டிசம்பர் 31 இரவு ஆபீசிலேயே இருந்தோம். 12 மணி அடித்தது. எதுவும் நடக்கவில்லை. மறுவாரம் ஒருவர், "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டார். என் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த மென்பொருளை நாங்கள் தூக்கி எறியவில்லை. அடுத்தடுத்த பதிப்புகளில் அது தேறியது. 2003 ஆகஸ்ட் 11-இல் பிளாஸ்டர் என்னும் புழு உலகமெங்கும் விண்டோஸ் மெஷின்களுக்குள் புகுந்தபோது, ஜூலை 16-ஆம் தேதியே வெளிவந்திருந்த பேட்ச்சை அதன் மூலம்தான் முன்கூட்டியே போட்டிருந்தோம், தப்பித்தோம். ஆனால் டிக்கை மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு கிளையிலும் பத்து மெஷினைக் கண்ணால் பார்த்தோம்.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 19-இல் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட் ஒன்று உலகம் முழுக்க ஒரே வேளையில் போய்ச் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையோடு படுத்தன. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு மெஷினாகப் போய், கையால் அந்தக் கோப்பை அழித்துத்தான் மீட்க முடிந்தது. செய்தியைப் பார்த்தபோது எனக்கு என் பையன்களின் ஃப்ளாப்பி பைதான் ஞாபகம் வந்தது.

நாளைக்கு உங்கள் மேஜைக்கும் ஒரு விற்பனைப் பிரதிநிதி வருவார். புது மெஷினில் காட்டினால், "எங்க கிட்ட இருக்கிற பழைய மெஷின்ல காட்டுங்க சார்" என்று கேளுங்கள். முதலில் பத்துப் பேருக்குப் போட்டு ஒரு மாசம் பாருங்கள். போட்டதைத் திரும்ப எடுக்க வழி தெரியாமல் எதையும் போடாதீர்கள். சதவீதம் சொன்னால் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். முக்கியமாக, இன்னும் ஓடாத ஒரு மென்பொருளை நம்பி ஓடிக்கொண்டிருக்கும் மனிதனை வீட்டுக்கு அனுப்பும் குறிப்பில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்று காலை கல்லூரிக்குள் நுழைந்ததும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் அறைப் பக்கம் போனேன். இப்போது அங்கே செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. அட்டெண்டர் அண்ணனைப் பற்றி விசாரித்தேன். ஓய்வு பெற்று ரொம்ப வருஷமாகிவிட்டது என்றார்கள். அவர் எங்கிருந்தாலும் அவருக்கு என் நன்றி.