ரிமோட் வேலை செய்யாவிட்டால்...

படைப்பு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஸ்லைடு நகர மறுத்தால் என்ன செய்வது? பலர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் கணினியோடு போராடுவார்கள். திரும்பிப் பார்த்தால் பாதிப் பேர் கைத்தொலைபேசியில் மூழ்கியிருப்பார்கள்!

2007 ஜனவரி 9ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் ஐபோனை அறிமுகம் செய்த ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் இதே நிலைதான். கையிலிருந்த ரிமோட் வேலை செய்யவில்லை. அவர் அதை மறைக்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஆட்கள் அலைமோதுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய கதையை எடுத்தார்.

இளவயதில் நண்பர் வோஸ்னியாக் தொலைக்காட்சிப் படத்தைக் குலைக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்தாராம். பெர்க்லி மாணவர் விடுதியில் எல்லாரும் 'ஸ்டார் டிரெக்' பார்க்கும்போது அதை இரகசியமாக இயக்குவார். சரிசெய்ய எழுந்தவர் ஒரு காலைத் தூக்கினால் படம் தெளியும்; ஊன்றினால் குலையும். பாவம், அவர் கோணல்மாணலாக நின்ற கோலத்தை ஜாப்ஸ் நடித்தே காட்டினார். அரங்கம் சிரித்தது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஏதோ ஒரு நகைச்சுவைத் துணுக்கைச் சொல்லியிருந்தால் இவ்வளவு பொருந்தியிருக்காது. கோளாறு செய்தது ஒரு கருவி. கதையும் கருவியைப் பற்றியது. திங்கட்கிழமை அலுவலகத்தில் படைக்கவிருப்பவர்கள், தலைப்பை ஒட்டிய ஒரு கதையை இன்றே வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம் போதும். கால் மணி நேரக் கதை வேண்டாம்.